உறக்க மருந்தும் மலைநாட்டுச் சிறுத்தையும்

நுவரெலியாவின் பழைய இடுகாட்டிலே மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலப் படையதிகாரியின் கல்லறை இருக்கின்றது. பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த அவர், தம் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்று அக்காலத்தவர் எழுதி வைத்தனர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். வானமே பழி தீர்த்தது என்று மலைநாட்டு மக்கள் கதை கூறுவதுண்டு. கதை எவ்வாறாயினும் ஆகுக. இன்று கொழுந்து பறிக்கப்படும் சரிவுகளை ஒரு காலத்தில் யானைகள் உலாவும் அடர்காடு மூடியிருந்தது என்பதற்கு அக்கல்லறை ஒரு சான்று.

ரோஜர்ஸுக்குப் பின் வந்தவர்களுள் பெயர் பெற்றவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிலே குடியிருந்து பண்ணை நடத்திய அவர், சீமையிலிருந்து வேட்டைநாய்களைக் கப்பலேற்றி வருவித்து, குளிர்ந்த சமவெளிகளிலே மரைகளைத் துரத்தினார். மரையை ஆங்கிலேயர் தம் நாட்டுப் பழக்கத்தில் ‘எல்க்’ என்று பிழையாக அழைத்தனர். அப்பிழை ‘எல்க் பிளேன்ஸ்’ என்னும் ஊர்ப்பெயராக நுவரெலியாவின் அருகே இன்றும் நிலைத்திருக்கின்றது. அன்று மனிதன் காட்டு விலங்கோடு பேசிய மொழி துப்பாக்கி ஒன்றே. பின்னர் கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்டது. யானை மலைநாட்டை விட்டு ஏறத்தாழ மறைந்தது. மறையாமல் எஞ்சிய பெருவிலங்கு சிறுத்தை.

விலங்கைக் கொல்லாமல் கைப்பற்றும் கலையும் இந்நாட்டிலே பழையதுதான். ஏறாவூர்ப் பணிக்கர்கள் தோல்வார்க் கயிற்றின் சுருக்கை யானையின் பின்னங்காலில் மாட்டி மரத்தோடு பிணிப்பதில் வல்லவர்கள்; அவர்கள் புகழ் கடல் கடந்தும் பரவியிருந்தது. கூட்டம் கூட்டமாக யானைகளை மரவேலிப் பட்டிக்குள் விரட்டி அடைக்கும் முறையும் இருந்தது. இவ்வாறான பட்டி கடைசியாக 1950ஆம் ஆண்டு பனாமுரையில் அமைக்கப்பட்டது. அங்கே கூட்டத்தின் தலைவனாயிருந்த ஆண்யானை சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடெங்கும் எழுந்த வருத்தம் பெரிது. அத்தோடு அம்முறை முடிவுற்றது. கயிறும் வேலியும் விலங்கின் உடலைத்தான் பிணித்தன. அதன் அச்சத்தைப் பிணிக்கவில்லை. அஞ்சிய விலங்கு தன்னையே முட்டி முறித்துக்கொள்ளும். அல்லது பிடிக்க வந்தவனைக் கொல்லும். அல்லது சுடப்பட்டு வீழும். அச்சத்தையே உறங்கவைக்கும் பொருள் ஒன்று வேண்டியிருந்தது.

அப்பொருளின் வரலாறு நஞ்சிலிருந்து தொடங்குவது வியப்புக்குரியது. தென் அமெரிக்கக் காடுகளிலே வாழும் மக்கள் அம்பு நுனியில் குராரே என்னும் கொடிநஞ்சைப் பூசி வேட்டையாடினர். 1814ஆம் ஆண்டு சார்ள்ஸ் வாட்டர்டன் என்னும் பயணி அந்நஞ்சை இலண்டனுக்குக் கொண்டுவர, அங்கே மிருக வைத்தியர் ஒருவரின் துணையோடு ஒரு பெட்டைக் கழுதைக்கு அது ஏற்றப்பட்டது. கழுதை மூச்சடங்கி வீழ்ந்தது. உடனே அதன் மூச்சுக்குழாயைத் திறந்து, கொல்லன் உலைக்குக் காற்றூதும் துருத்தியைக்கொண்டு நெடுநேரம் மூச்சு ஊட்டினர். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது. 1839 வரை உயிர் வாழ்ந்தது. வீழ்ந்த விலங்கை மீண்டும் எழுப்பலாம் என்பதை அக்கழுதை உலகுக்குக் காட்டிற்று. ஆயினும் குராரே உறக்க மருந்து அன்று. அது தசைகளைக் கட்டிவிடும். அறிவை விழித்தபடியே விட்டுவிடும். கை கால் அசையாமல், வலி முழுவதையும் உணர்ந்துகொண்டு கிடப்பதினும் கொடிய நிலை வேறு உண்டோ? 1950களில் காட்டு விலங்குகளைப் பிடிக்கப் பயன்படுத்திய முதல் மருந்துகளிற் சில இவ்வகையினவே என்பதை மறைப்பதற்கில்லை.

மருந்தைத் தொலைவிலிருந்து எய்யும் துப்பாக்கியும் அதே பத்தாண்டில்தான் உருப்பெற்றது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் மான்களைப் பிடித்து வேறு காடுகளில் விடவேண்டிய தேவை எழுந்தது; அங்கே குரொக்போர்ட், பாமர் முதலியோர் ஊசி பொருத்திய எறிகுழாயைத் துப்பாக்கியால் எய்யும் கருவியைச் செம்மை செய்தனர். அவர்கள் முதலில் நிரப்பியது புகையிலையின் நஞ்சாகிய நிக்கொட்டின். உலகின் மறுகோடியில், நியூசிலாந்தின் திமாரு நகரிலே, கொலின் மர்டொக் என்னும் மருந்தாளர் இதே நோக்கத்தோடு தனியாக உழைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பிளாஸ்ரிக் ஊசிக்குழாயை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆஸ்பத்திரிகளில் அவ்வூசியால் பயன் பெறுவோர் பல கோடி. அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர்.

கருவி வந்தது, தக்க மருந்து எங்கே? இவ்விடத்தில் நம் மண்ணின் மூலிகை ஒன்று கதையிலே புகுகின்றது. சர்ப்பகந்தா என்னும் சிறு செடியின் வேரைப் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1949இல் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் எழுதினார். 1952இல் சுவிற்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் அதிலிருந்து ரிசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சு நாட்டிலே குளோர்ப்புரோமசின் பிறந்தது. மனிதரின் கலங்கிய மனத்தைத் தணிப்பதற்கென்று வந்த இம்மருந்துகளே ‘தணிப்பு மருந்து’ என்னும் புதிய பிரிவை உண்டாக்கின. குளோர்ப்புரோமசினின் உறவுமுறை மருந்தாகிய அசிப்புரோமசின் இன்றும் நாய்களுக்கும் குதிரைகளுக்கும் கொடுக்கப்படுகின்றது.

நம்மவர் பேச்சில் இவை யாவும் ‘மயக்க ஊசி’ என்னும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. மிருக வைத்தியருக்கோ அவை வெவ்வேறானவை. தணிப்பு மருந்து பெற்ற விலங்கு சாந்தமாக நிற்கும். ஆனால் தொட்டால் கடிக்கும். மயக்க மருந்து பெற்றது தன்னை மறந்து கிடக்கும். காட்டு விலங்குக்கு இரண்டும் கலந்தே வேண்டியிருக்கின்றது.

அக்கலவையின் இரு கூறுகளும் 1962ஆம் ஆண்டிலேயே பிறந்தன என்பது ஒரு தற்செயல். அமெரிக்காவில் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காகக் கல்வின் ஸ்டீவன்ஸ் கெட்டமின் என்னும் மருந்தை ஆக்கினார். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சைலசின் என்பதைக் கண்டது. சைலசின் முதலில் மனிதரின் இரத்த அழுத்தத்துக்கென எண்ணப்பட்டது. அளவு மீறி உறக்கம் தந்தபடியால் மனிதரை விட்டு மாட்டுக்கும் குதிரைக்கும் சென்றது. கெட்டமின் மாத்திரம் பெற்ற விலங்கின் தசைகள் விறைக்கும். சில வேளை வலிப்பும் வரும். சைலசின் அவ்விறைப்பைத் தளர்த்தும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும் இச்சேர்க்கை, பூனைக்குலத்து விலங்குகளை உறங்கவைப்பதற்கு உலகெங்கும் வழக்கிலே வந்தது. தோட்டங்களிலே பசு வளர்ப்போர் சைலசினைப் பெயரறியாமலே கண்டிருக்கக்கூடும். குளம்பறுக்கவோ கொம்பைச் சீர் செய்யவோ வரும் அரசாங்க மிருக வைத்தியர் மாட்டுக்கு ஏற்றும் ஊசி பெரும்பாலும் அதுவே. குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். உடலின் பருமனைக் கண்டு மருந்தின் அளவை முடிவு செய்ய இயலாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் வேறொரு மருந்து வந்தது. ஸ்கொத்லாந்திலே கென்னத் பென்ற்லி என்பாரின் குழுவினர் 1960ஆம் ஆண்டளவில் ஆக்கிய எட்டோர்பின், மோர்பினைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான வலிமையுடையது. துளியளவு மருந்தில் யானை சாயும். ஊசியைக் கையாளும் வைத்தியரின் விரலிலே தவறிக் குத்தினாலும் அவர் உயிர் பிழைப்பது அரிது. மாற்று மருந்தை அருகே ஆயத்தமாக வைத்துக்கொண்டே அதனைத் தொடுவர். ஆபிரிக்காவில் கரிபா அணை 1958 டிசெம்பரில் மூடப்பட்டு, சாம்பேசி ஆற்றின் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபோது, தீவுகளாய்த் தனித்துப்போன மேடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான விலங்குகளை ரூபர்ட் போதர்கில் தலைமையிலான குழுவினர் மீட்டனர். காண்டாமிருகங்களை மருந்தால் வீழ்த்தித் தெப்பத்தில் ஏற்றிக் கரைசேர்த்த முயற்சி அங்கே நடந்தது. (நமது மஸ்கெலியாப் பழைய நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியதும் அப்பத்தாண்டின் இறுதியில், 1969இல்தான்.) பின்னர் தென்னாபிரிக்காவின் உம்போலோசிக் காட்டிலே டோனி ஹார்த்தூர்ன், இயன் பிளேயர் முதலியோர் எட்டோர்பினைக்கொண்டு வெள்ளைக் காண்டாமிருகங்களைப் பிடித்து வேறு காடுகளிற் குடியேற்றினர். அழியும் நிலையிலிருந்த ஓர் இனம் பெருகியதற்கு அம்மருந்தும் ஒரு காரணம்.

இலங்கையிலும் இம்முறை முதலில் யானைகளுக்கே வந்தது. 1979ஆம் ஆண்டு தெதுறு ஓயாப் பகுதியிலே வயல்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட யானைக் கூட்டம் ஒன்றை மருந்தெய்து பிடித்து வில்பத்துக் காட்டுக்குக் கொண்டு சென்றனர். பனாமுரையின் துயரம் நிகழ்ந்து முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள், கயிறும் வேலியும் செய்ய இயலாததை ஓர் ஊசி செய்தது. அதன்பின் வறண்ட வலயத்திலே யானைக்கு மருந்தெய்வது வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழக்கமான பணிகளுள் ஒன்றாயிற்று. மலைநாட்டிலோ அவ்வூசிக்கு வேலை கொடுத்தது யானை அன்று, சிறுத்தை.

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய இடங்களின் தேயிலை மலைகளை மேலிருந்து நோக்கினால் பச்சைக் கம்பளமொன்றே தோன்றும். கிட்டப் போனால்தான் அக்கம்பளத்தின் கிழிசல்கள் தெரியும். உச்சியிலே காடு, ஓடைக்கரைகளிலே புதர், நடுநடுவே டர்பன்டைன் மரத்தோப்பு, பராமரிப்பின்றிக் காடாகிப்போன பழைய தேயிலை. இக்கிழிசல்கள் வழியாகவே சிறுத்தை நடக்கின்றது. மரையும் கேளையாடும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் அதற்கு இரை. லயத்து வாசலில் கட்டிய நாயையும் சில இரவுகளில் கொண்டு போய்விடும். பகலிலே தேயிலைச் செடிகளின் அடியில் படுத்துறங்கும் சிறுத்தையைக் கொழுந்து பறிக்கும் பெண் அறியாமல் நெருங்கிவிட, அஞ்சிய விலங்கு பாய்ந்து கீறிவிட்டு ஓடிய நிகழ்ச்சிகள் உண்டு. இவ்வாறு காயம் பட்டவருக்கு நாட்சம்பளம் போகும். சில வேளை கையும் செயலிழக்கும். ஆதலால் தோட்ட மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது நகரத்தில் இருப்பவர்களின் வசதியேயன்றி நியாயமன்று.

எனினும் சிறுத்தையை மிகுதியாகப் பிடிப்பது அச்சம் அன்று, கம்பி. லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் காட்டுப்பன்றி கிளறி எறிந்துவிடும். குறைந்த சம்பளத்தோடு வாழும் குடும்பத்துக்கு அப்பாத்தி ஒரு பெரிய துணை. பன்றியைத் தடுக்கவும், அகப்பட்டால் இறைச்சிக்காகவும், மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பி போன்ற உறுதியான கம்பியால் சுருக்கு வைக்கின்றனர். தோட்டத்துக்கு வெளியேயிருந்து வந்து இறைச்சி விற்பனைக்கென்றே சுருக்கு வைப்போரும் உளர். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. பணிக்கரின் தோல்வார் யானையின் காலை நிறுத்தியது. இக்கம்பியோ இழுக்க இழுக்க இறுகும். இடுப்பிலோ கழுத்திலோ விழுந்தால் தசையை அறுத்துக்கொண்டே போகும்.

காலையில் மலைக்குப் போகும் தொழிலாளர் உறுமலைக் கேட்கின்றனர். கங்காணிக்குச் செய்தி போகின்றது. அவர் வழியாகத் தோட்ட அலுவலகத்துக்கும், அங்கிருந்து பொலிசுக்கும் நல்லதண்ணி வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் போகின்றது. அதிகாரிகள் அருகிலிருந்து வந்துவிடலாம். ஆனால் மயக்க மருந்து ஏற்றும் உரிமையும் பயிற்சியும் உடையவர் மிருக வைத்தியர் ஒருவரே. அவர் ரந்தெனிகலையிலிருந்தோ உடவளவையிலிருந்தோ வளைந்து வளைந்து மலையேறி வரவேண்டும். அதற்குள் பல மணி நேரம் கழிந்துவிடும்.

வந்தவர் முதலில் செய்வது துப்பாக்கியை எடுப்பதன்று. தொலைவில் நின்று நோக்குவது. இலங்கைச் சிறுத்தையில் ஆணின் சராசரி எடை 56 கிலோ; பெண்ணின் எடை 29 கிலோ. ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டாகிய இவ்வேறுபாட்டைக் கண்ணாலேயே அளந்து மருந்தைக் கலக்கவேண்டும். குறைந்தால் அரைமயக்கத்தில் எழுந்து பாயும். கூடினால் மூச்சுத் தளரும். கம்பி உறுதியாகப் பிடித்திருக்கின்றதா, அல்லது அடுத்த பாய்ச்சலில் அறுந்துவிடுமா என்பதையும் அவர் அறியவேண்டும். பின்னர் ஊதுகுழலாலோ துப்பாக்கியாலோ தொடையின் தடித்த தசையிலே ஊசி எய்யப்படும்.

திரைப்படங்களிலே ஊசி பட்ட மறுகணம் விலங்கு சாய்ந்துவிடுவதைக் கண்டு பழகியவர்களுக்கு இவ்விடத்தில் ஏமாற்றமே. தசையிலிருந்து மருந்து இரத்தத்திற் கலந்து மூளைக்கு ஏறுவதற்குப் பத்து நிமிடம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் மலையிலே நிலவும் ஓசையே சிகிச்சையின் போக்கை முடிவு செய்கின்றது. அஞ்சிய உடலிலே அதிரினலின் பெருகும். அது சைலசின் போன்ற மருந்தை நேருக்கு நேர் எதிர்த்து நிற்கும். அமைதியாய்க் கிடந்த விலங்குக்குப் போதுமான அளவு, சுற்றிலும் நூறு பேர் கூவும்போது போதாது. மீண்டும் ஓர் ஊசி. மீண்டும் ஓர் ஆபத்து. வைத்தியர் அளந்து கலந்த மருந்தின் ஒரு பாதி குழாயிலும் மறுபாதி கூட்டத்தின் வாயிலும் இருக்கின்றது என்று கூறினால் அது மிகையாகாது. கையிலே தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிப்பவர் தம்மை வெறும் பார்வையாளர் என்று எண்ணுகின்றார். விலங்கின் இரத்தத்தில் அவரும் ஒரு மருந்தாய்க் கலந்திருக்கின்றார்.

உறங்கிய பின்னரும் வேலை முடிவதில்லை. கெட்டமினின் மயக்கத்தில் கண்கள் மூடா. ஆதலால் கண் உலராமல் களிம்பிட்டுத் துணியால் மூடுவர். சைலசின் வாந்தியை உண்டாக்கும். நாக்கை வெளியே இழுத்து, தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் கிடத்துவர். உடல் வெப்பம் தாழும். மஸ்கெலியாவின் மழைக்குளிரில் அது சிறிய விடயமன்று. சாக்கும் போர்வையும் லயங்களிலிருந்தே வந்து சேரும்.

இத்தனையும் செவ்வனே நடந்தும் சில விலங்குகள் இறந்துவிடுகின்றன. காரணம் ஊசிக்கு முந்திய மணித்தியாலங்களில் இருக்கின்றது. கம்பியோடு இரவு முழுதும் போராடிய விலங்கின் தசைநார்கள் சிதைந்து, அவற்றின் செந்நிறப் பொருள் இரத்தத்திற் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துவிடும். வெளியே காயம் ஆறுவது போலத் தோன்றும். உள்ளே சிறுநீரகம் நின்றுகொண்டிருக்கும். இரண்டாம் நாளோ நான்காம் நாளோ மரணம் வரும். மருந்து நிறுத்துவது போராட்டத்தையே. ஏற்கெனவே நிகழ்ந்த போராட்டத்தை அதனால் அழிக்க முடியாது.

2020 மே 26ஆம் நாள் நல்லதண்ணிப் பகுதியிலுள்ள லக்சபான தோட்டத்திலே மரக்கறிப் பாத்தியொன்றின் அருகே கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. கருஞ்சிறுத்தை தனி இனம் அன்று. உடலின் கருநிறமி மிகுந்த சிறுத்தையே. இலங்கையில் அதனைக் கண்டவர் மிகச் சிலர். மிருக வைத்தியர்கள் மருந்தேற்றிச் சுருக்கை அகற்றி, உடவளவையில் 1995இல் தொடங்கப்பெற்ற யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையத்துக்கு அதனைக் கொண்டு சென்றனர். நாடு முழுவதும் அந்தச் செய்தியைப் பின்தொடர்ந்தது. மே 29ஆம் நாள் அது இறந்தது. கழுத்திலே கம்பி செய்த சேதத்தை வெல்ல மருந்தாலும் இயலவில்லை, வைத்தியராலும் இயலவில்லை. தோட்டத்து மனிதர் கண்டு அறிவித்தனர், அதிகாரிகள் வந்தனர், ஊசி தன் கடமையைச் செய்தது. தவறிப் போனது இவற்றுக்கெல்லாம் முன்னரே, யாரும் பாராத இரவிலே.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்று இரண்டாண்டுக்கு முன் வடக்கே நடந்தது. 2018 ஜூன் 21ஆம் நாள் கிளிநொச்சி அம்பாள்குளத்திலே குடியிருப்புக்குள் புகுந்த சிறுத்தை ஒன்று பத்துப் பேரளவில் காயப்படுத்தியது. மயக்க மருந்துடன் உரியவர் உரிய வேளையில் வரவில்லை என்பதே அன்று மக்கள் எழுப்பிய முறைப்பாடு. கூட்டம் அதனை அடித்துக் கொன்றது. அக்காட்சி படமாகப் பரவி நாட்டைத் தலைகுனிய வைத்தது. அடித்தவர்களைக் குற்றம் கூறுவது எளிது. குருதி வழியும் உறவினரை அருகே வைத்துக்கொண்டு, வருமோ வராதோ என்று தெரியாத ஓர் ஊசிக்காகக் காத்திருக்கச் சொல்வது எளிதன்று. எதிர்பார்த்த வேளையில் மருந்து வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கூட்டம் பொறுக்கும். கூட்டம் பொறுத்தால்தான் மருந்து வேலை செய்யும். அம்பாள்குளத்திலே முதலாவது இல்லாமையால் இரண்டாவதும் இல்லாது போயிற்று.

பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கடலுக்கு அப்பால், மலைநாட்டு மக்களின் உறவினர் வாழும் நீலகிரியிலே காணலாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிற் குடியமர்ந்தன. அவர்களுக்கென்றே தமிழக அரசு அங்கே தேயிலை பயிரிட்டது. கூடலூரின் தேவன் எஸ்டேட்டிலும் மசினகுடியிலும் மனித உயிர்கள் பலியானதற்குக் காரணமென்று கருதப்பட்ட புலியொன்றை 2021 செப்ரெம்பர் இறுதி முதல் வனத்துறையினர் தேடினர். சுட்டுக் கொல்லுங்கள் என்று ஊரார் மறியல் செய்தனர். உயிரோடு பிடிப்பதற்கே முயலுமாறு சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. மூன்று வாரம் தேடி, ஒக்டோபர் 14ஆம் நாள் இரவு ஊசி எய்தும், புலி புதருக்குள் மறைந்துவிட்டது. மறுநாள் பகலிலேதான் மீண்டும் மருந்தேற்றிப் பிடித்து மைசூருக்குக் கொண்டு சென்றனர். அப்புலி இறக்கவில்லை, பிடிக்கப் போனவர்களும் இறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் அச்சத்தோடு கொழுந்து பறித்த பெண்களின் பங்கைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதவில்லை.

மலைநாட்டிலே மருந்தும் துப்பாக்கியும் பயிற்சியும் இன்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகம் மிருக வைத்தியர்களை ஆண்டுதோறும் வெளியேற்றுகின்றது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிற்காலத் திருத்தங்களும் சிறுத்தையைக் காக்கின்றன. குறையாயிருப்பது தூரம். ஹட்டனுக்கு அண்மையில் மருந்தோடு ஒரு மிருக வைத்தியர் நிலையாக இருந்தால் அம்மணித்தியாலங்களிற் பல மிஞ்சும். காலையிலே பெரட்டுக் களத்தில், எந்த மலையில் எத்தனை பேர் என்று சொல்லும்போதே, அம்மலையில் சுருக்குக் கம்பி கண்டால் அறுத்துக் கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல எவருக்கும் செலவில்லை. பன்றி அழித்த பாத்திக்கு வேலியடிக்க ஓர் உதவி கிடைத்தால் கம்பி வைப்பவர்களில் பாதிப் பேர் வைக்கமாட்டார்கள். மீதிப் பேர் இறைச்சிக்காரர். அவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

சுருக்கிலிருந்து மீட்ட சிறுத்தை பிழைக்கும் என்று வைத்தியர் துணிந்தால், கடைசியாக ஒரு வேலை எஞ்சியிருக்கும். சைலசினை முறிக்கும் மாற்று ஊசி உண்டு. கெட்டமினுக்கு அத்தகைய மாற்று இல்லை. அது தானாகவே கரைந்து போகவேண்டும். ஆதலால் அவசரப்பட்டு மாற்று ஊசியை ஏற்றமாட்டார்கள். விலங்கைக் கூண்டிலே கிடத்தி, மேலே சாக்கைப் போட்டு, வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். முதலில் காது அசையும். பிறகு தலை எழும், மீண்டும் விழும். பாதி விழித்த சிறுத்தையைத் திறந்துவிட்டால் ஓடையிலே விழுந்து மூழ்கும், அல்லது சரிவிலே உருண்டு போகும். நான்கு காலும் ஊன்றி நின்று, கூண்டின் கம்பிக்கு அப்பால் இருப்பவரை அது நேராக நோக்கும் வரை கதவு திறக்கப்படுவதில்லை. அந்நேரத்துக்குள் கொழுந்து நிறுவைக்கான சங்கும் ஊதிவிடும்.